கடைசிப் பாட்டில் ஒரு ஹாரன்

இசக்கிப்பாண்டியின் ஹாரனுக்கு ஒரு நீளம், ஒரு குட்டை. பாஆஆம் என்று ஓர் இழுப்பு, நடுவில் ஒரு மூச்சு, பிறகு பம். மும்பை செம்பூரில் எங்கள் சந்தில் இருபத்திரண்டு வருடம் காலை ஏழரைக்கு அந்தச் சத்தம் கேட்டது. கேட்டதும் என் மனைவி சுப்புலக்ஷ்மி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவாள். ஐந்து கட்டடங்களிலிருந்தும் அப்படித்தான் இறங்குவார்கள். வந்திருப்பது யார் என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

தாராவியிலிருந்து சைக்கிளில் வருவார். பின்னால் அலுமினிய டப்பாவில் இட்லியும் மெதுவடையும், ஹாண்டில்பாரில் சட்னி வாளி. அரைப்பதும் அவிப்பதும் அவர் மனைவி முப்பிடாதியம்மாள், விற்பது இவர். ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி, ஹாரனின் ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி வலது உள்ளங்கையில் ஒரு காய்ப்பு. சைக்கிள் இட்லிக்காரர்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு லைன், ஒவ்வொருவருக்கும் ஹாரனில் ஒரு கணக்கு. ஒருவர் லைனில் இன்னொருவர் ஹாரன் அடிக்க மாட்டார். ஒரு மாதம் ஒரு லைனில் ஹாரனே கேட்கவில்லை என்றால் அது காலி என்று அர்த்தம், யார் வேண்டுமானாலும் வரலாம். இது எனக்குத் தெரியும். அவரே வடையைக் கட்டிக்கொடுத்தபடி சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஷ்யாமளா ஒரு பாண்டில் பாடுகிறாள். அவளும் பைசான் என்கிற கிடார் பையனும் இன்னும் இரண்டு பேரும். பாண்டின் பெயர் 'குர்லா ஸ்லோ'. பொருத்தமான பெயர்தான், அந்த லோக்கல் ரயிலைப் போலவே அவர்கள் பாட்டும் எல்லா ஸ்டேஷனிலும் நின்றுதான் போகும். முப்பத்தைந்து வருடம் அணுசக்தி நகர் ஆபீஸ் பஸ்ஸில் கர்நாடக சங்கீத கேசட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு போனவன் நான். எனக்கு அது முதலில் யாரோ தூக்கத்தில் முனகுவது போலத்தான் இருந்தது. ஐந்து கட்டடமும் சேர்ந்த எங்கள் சொசைட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில், பிராக்டிஸ் சத்தம் என்று மூன்று முறை புகார் வந்தது. மூன்று முறையும் நான்தான் கைகூப்பும் படம் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

போன வருடம் புது ஆல்பம் செய்ய ஆரம்பித்தார்கள். ஸ்டூடியோவுக்கு வசதியில்லை, எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் பதிவு. பக்கத்துக் கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்கள், ஒன்பது மணிக்கு டிரில் தொடங்கிவிடும். ஆகக் கிடைப்பது காலை ஏழிலிருந்து ஒன்பது. அவள் பாடுவதோ கிசுகிசுப்பு மாதிரி. சரியாக நடுவில், ஏழரைக்கு, பாஆஆம்... பம்.

"அப்பா, ப்ளீஸ், இசக்கி அண்ணாகிட்ட நீயே சொல்லேன். நாற்பது நாள்தான்" என்றாள்.

கீழே போய்ச் சொன்னேன். "இசக்கி, ஒரு ஒத்தாசை பண்ணணும். நாற்பது நாளைக்கு நம்ம சந்துல மட்டும் ஹாரன் வேண்டாம். குழந்தை பாட்டு ரெக்கார்ட் பண்றா."

அவர் ஹாரன் மேல் கை வைத்தார். "ஹாரன் அடிக்கலைன்னா ஜனங்களுக்கு எப்படிச் சார் தெரியும், நான் வந்துருக்கேன்னு?"

"நான் குரூப்ல போட்டுடறேன். ஏழரைக்கு இசக்கி கேட்ல நிப்பார், ஹாரன் இருக்காதுன்னு. அஞ்சு பில்டிங்குக்கும் போயிடும்."

"நீங்க சொன்னா சரிதான் சார். பாப்பா பாட்டுல்லா" என்றார்.

நான் போடவில்லை. மூன்று முறை டைப் செய்து மூன்று முறை அழித்தேன். போட்டால் ஏன் என்று கேட்பார்கள், வீட்டுக்குள் ரெக்கார்டிங் நடக்கிறது என்று தெரியும், நாலாவது புகார் வரும். நாளைக்குப் போடலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அதையே நினைத்தேன். எவ்வளவு கேவலமான மனுஷன் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் ஹாரன் இல்லாமல் கேட்டில் வந்து நின்றார். சுப்புலக்ஷ்மியும் இன்னும் பத்துப் பேரும் இறங்கினார்கள், அப்புறம் ஏழு, அப்புறம் மூன்று. "சத்தம் குடுக்காம நிக்கது கையேந்தி நிக்க மாதிரி இருக்கு சார். பாப்பா வேல முடியட்டும், பெறகு வாரேன்" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்தினார். அப்போதாவது போட்டிருக்கலாம். இல்லை.

ஐந்தாவது வாரம் வேறொரு சைக்கிள் வந்து நின்றது. சுடலைக்கண்ணன், அவரும் தாராவிதான். சந்தில் ஒரு மாதமாக ஹாரனே இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறார், வாட்ச்மேனை விசாரித்திருக்கிறார், ஒழுங்குப்படிதான் வந்திருக்கிறார். அவருடைய ஹாரன் மூன்று குட்டை. பம் பம் பம். ரெக்கார்டிங் முக்கால்வாசி முடிந்திருந்ததால் ஷ்யாமளா ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் இசக்கிப்பாண்டி வந்தார். பால்கனியிலிருந்து பார்த்தேன். சுடலைக்கண்ணனைச் சுற்றிப் பதினைந்து பேர் பாத்திரத்தோடு நின்றார்கள். அதில் சுப்புலக்ஷ்மியும் இருந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், சண்டையெல்லாம் இல்லை. இசக்கி சைக்கிளைத் திருப்பினார். நான் கீழே போகவில்லை, செவ்வாய்க்கிழமைப் பேப்பரை இரண்டாவது முறை படித்தேன்.

ஆல்பம் ஜூலையில் வெளிவந்தது. எட்டுப் பாட்டு. ஈசிசேரில் சாய்ந்து, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. முதல் பாட்டில் கிடார் எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாது, ஓடிக்கொண்டிருப்பதை நாம்தான் தாமதமாகக் கவனிக்கிறோம். குரல் முன்னால் வந்து நிற்பதில்லை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வது போல வருகிறது. வார்த்தை பாதி புரியாது, துக்கம் முழுக்கப் புரியும். மூன்றாம் பாட்டில் எல்லா வாத்தியமும் நின்று பதினைந்து விநாடி அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. எனக்குக் கண் கலங்கியது. என் பெண்ணா இது என்று பெருமையாக இருந்தது. உடனே, இந்தப் பதினைந்து விநாடிக்காகத்தான் அந்த மனுஷர் ஹாரனை அமுக்காமல் இருந்தார் என்பதும் ஞாபகம் வந்தது.

கடைசிப் பாட்டின் முடிவில் கிடார் கரைந்து போனபின், தூரத்தில், மழைச் சத்தத்துக்குள் ஒரு ஹாரன். பம் பம் பம்.

"ஜன்னலைத் திறந்து வெச்சு எடுத்தோம். இசக்கி அண்ணா நமக்காக அத்தனை நாள் சும்மா இருந்தார் இல்ல? அதான் கடைசி சத்தம் அவரோடது. கிரெடிட்ல பேர் கூடப் போட்டாச்சு" என்றாள் ஷ்யாமளா. ஹாரன் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். ஏழரைக்கு எழுந்து பாத்திரம் எடுத்துக்கொண்டு இறங்கியவள் இல்லையே. நான் வாயைத் திறப்பதற்குள் என் போனிலிருந்து நம்பரை எடுத்து அவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பைசான் ஹெட்போனை மாட்டிவிட்டான். கடைசிப் பாட்டு முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். முடிவு நெருங்கும்போது ஷ்யாமளா, "இப்போ, இப்போ" என்று சைகை காட்டினாள். அவருடைய வலது கை மடியில் தானாகக் குவிந்தது, அமுக்கத் தயாராகிற மாதிரி. பிறகு மெல்ல விரிந்துவிட்டது.

"எப்படிண்ணா இருக்கு?"

"நல்லாருக்கு பாப்பா. ரொம்ப நல்லாருக்கு" என்றார். போனில் தன் பெயர் இருக்கும் இடத்தை அவள் காட்டினாள். ஆங்கில எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

படி இறங்கும்போது நானும் கூடப் போனேன்.

"சார், அது என் ஹாரன் இல்ல."

"தெரியும் இசக்கி."

"சொடலக்கண்ணனுக்கது. பாப்பாட்ட சொல்லாண்டாம், சந்தோசமா இருக்கா." இரண்டு படி இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது மான்குர்த் பக்கம் போவதாகவும் பாதி டப்பா திரும்பி வருவதாகவும் சொன்னார். அதையும் குறையாகச் சொல்லவில்லை. பிறகு, "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். நீங்க அன்னைக்கி குரூப்ல போட்டிய தான?" என்றார்.

"போட்டேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "நானும் வீட்ல அதத்தான் சொன்னேன். சார் போட்டுருப்பாவொ, ஜனங்கதான் பாத்துருக்காதுன்னு. அவதான் நம்பமாட்டேங்கா."

சைக்கிளை எடுத்தார். மேலே ஷ்யாமளா அந்தப் பாட்டை மறுபடி போட்டிருந்தாள், ஜன்னல் வழியாகக் கிடார் கேட்டது. கேட்டைத் தாண்டும்போது பழக்கத்தில் அவர் கை ஹாரன் மேல் போனது. அமுக்கவில்லை. அது இப்போது அவருடைய லைன் இல்லை.