வெட்டிப்போட்ட மூன்று மணி

நேற்று ஒரு கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. சினிமாவுக்கு வேண்டிய சத்தங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றனவாம். சில நாள் இலவசமாகக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சந்தா கட்டலாமாம். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதுபோல எனக்கும் ஒரு சோதனை உண்டு. மழையும் இடியும் யாரிடமும் நன்றாகத்தான் இருக்கும். நான் தேடுவது சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டின் மணியை. தேடினேன். டிங், டிங். இரண்டே இரண்டு. அப்போதே அந்தக் கம்பெனியை ஒதுக்கிவிட்டேன்.

சவுண்ட் எடிட்டிங்கில் நான் சேர்ந்த புதிதில் இதெல்லாம் பெட்டி பெட்டியாக சி.டி.யில் வரும். திறந்தால் புது பிளாஸ்டிக் வாசனை ஆளைத் தூக்கும். தயாரிப்பாளர் ஒரு பெட்டிக்குத்தான் தலையாட்டினார். எது என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அட்டை பளபளவென்று இருந்ததால் ஓர் அமெரிக்கப் பெட்டியைக் காட்டினேன். என் லட்சணம் அவ்வளவுதான். அதிலிருந்த நாய்களெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிட்ட நாய்கள். கூட்டத்தின் முணுமுணுப்பைப் போட்டால் நம் ஊர்ப் பஞ்சாயத்தே ஆங்கிலத்தில் பேசியது. பின்னணி இசையை ஏற்றி எல்லாவற்றையும் மூடினேன்.

அந்தப் படத்தில் கதாநாயகன் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குவான். பெட்டியில் கிடைத்த மணி முதலில் மூன்று, சற்று நின்று இரண்டு என அடித்தது. வசனத்துக்கு இடைஞ்சல் என்றார் டைரக்டர். முதல் மூன்றை வெட்டிப் போட்டேன். கோலார் தங்கவயலில் பிறந்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். நான் சுரங்கத்துப் பையனல்ல, பக்கத்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன். சுரங்கத்துச் சங்கு எங்கள் வீட்டுக்கு ஒரு கடிகாரம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சாந்தி, தங்கவயலிலேயே பாலகாட் சுரங்கக் குடியிருப்புப் பெண். அவள் அப்பா முனுசாமி மாமா, கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண் கேட்டுப் போனபோது, கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று என் அப்பாவிடம் விசாரித்தார். படம் வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

படம் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டைத் தியேட்டருக்கு வந்தது. பழைய ஷிப்ட் கூட்டாளிகள் ஏழு பேரோடு மாமா ஒரு வரிசையையே பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் நான், புதுச் சட்டையில். கூண்டுக் காட்சி வந்தது. டிங், டிங். கூண்டு சர்ரென்று இறங்கியது. எட்டுப் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தியேட்டரே அவர்களை உட்காரச் சொல்லிக் கத்தியது. ரசிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

வெளியே வந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, மூணு எங்க?"

"எந்த மூணு மாமா?"

"மூணு அடிச்சாதான் உள்ள ஆளு கீதுன்னு டிரைவருக்குத் தெரியும். வெறும் ரெண்டு அடிச்சா சாமானுன்னு நெனச்சு வேகமா உட்டுடுவான். நீ ஆள ஏத்திட்டு சொல்லாம உட்டுட்டியே."

அடுத்த காட்சியில் கதாநாயகன் உயிரோடு வந்து பாட்டுப் பாடினானே என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. உள்ளே ஆள் இருப்பதைச் சொல்லாதவனை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது என்று அப்பாவிடம் சொல்லியனுப்பினார். சாந்தியாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அவளும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

படத்தை டிவிக்குத் தயார் செய்யும் வேலை என்னிடமே வந்தது. யாரையும் கேட்காமல் அந்த மூன்றைத் திரும்ப ஒட்டினேன். கதாநாயகனின் பஞ்ச் வசனத்தில் பாதியை மணி விழுங்கிவிட்டது. டைரக்டர் அடுத்த படத்திலிருந்து என்னைத் தூக்கிவிட்டார். போகட்டும். படம் டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலோரம் நான். மூன்று அடித்தது. நின்றது. இரண்டு அடித்தது. நாற்காலியின் கையை எஞ்சின் நெம்புகோல்போலப் பிடித்து மாமா மெல்ல முன்னால் தள்ளினார். கூண்டு இறங்கியது.

"ஆங், இப்ப எறக்கலாம்," என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "சாந்தி, மாப்ளைக்கு காபி குடும்மா."

மாமா போய் ஆறு வருஷமாகிறது. அவருடைய கூட்டாளிகளில் கடைசி ஆளும் போன தை மாதம் போய்விட்டார். இப்போதெல்லாம் சுரங்கக் காட்சி வந்தால் நானே மூன்று வைத்துவிடுகிறேன். எதற்கென்று ஸ்டுடியோவில் யாரும் கேட்பதில்லை, எடுத்துவிட்டாலும் கேட்கமாட்டார்கள். ஒரு காலத்தில் எட்டுப் பேருக்குப் பயந்து வேலை செய்தேன். இப்போது எந்தப் படம் வெளியானாலும் எனக்குப் பயமே இல்லை. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.