வைஃபை பெட்டிக்குக் குளிராதுங்க

ஒரு வாரமா எங்க ஊட்டு ஸ்மார்ட் டிவில அரை மணி நேரம் படம் ஓடும். அப்புறம் "இணைப்பு இல்லை"ன்னு நின்னுரும்.

மலையடிவாரத்துல இருக்கற சேந்தமங்கலத்து மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

"போர்டு போயிருக்குமுங்க. டிவியைக் கீழ கொண்டாந்துருங்க."

மலை ரோட்டு எழுபது வளைவும் டிவியை மடில வெச்சுக்கிட்டு பஸ்ல போகணுமாம்!

இன்னிக்குக் காலைல டிவி நின்னதும் என் போனைப் பார்த்தேன். அதுலயும் வைஃபை இல்லை. அப்ப டிவி மேல தப்பில்லையே?

நேரா வைஃபை பெட்டிகிட்டப் போனேன். அதைச் சுத்தி பிளாஸ்டிக் தாள், அதுக்கு மேல கம்பளி. தொட்டா தோசைக்கல்லாட்டம் சுடுது.

"ஏனுங்க, இதை யாரு போத்தினது?"

"நாந்தான்"ன்னார் எங்க ஊட்டுக்காரர். "இந்தப் பனிக்கு மிளகு மூட்டையப் போத்தி வெக்கறோம்ல? இதுக்கும் ஈரம் ஏறிரும்ல?"

சூடேறித்தான் பெட்டி நின்னுருக்கு! கம்பளியையும் தாளையும் உருவிப் போட்டேன். சாயந்தரம் வரைக்கும் டிவி ஒருக்காகூட நிக்கலை. போன்ல சொன்னதும் மெக்கானிக்கே "கெட்டிக்காரிங்க நீங்க"ன்னுட்டார்!

இப்ப ஊட்டுக்காரர் எங்க மலைல ஆலத்தூர் நாட்டு ஊரு முழுக்க போன் போட்டு, "மெக்கானிக்கே வேண்டாம், நாங்களே சரி பண்ணிட்டோம்"ங்கறார்.

அதுல அவரு பங்கு கம்பளி மட்டும்தான். பெருமைல பாதி கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க.