கைகளைக் கட்டியபடி எழுந்தார்

நான் பொய் எழுதினேன். ஒருமுறை அல்ல, நான்கு முறை! அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு முறிந்தது. முகம் சுளிக்கிறீர்களா? நன்றாகச் சுளியுங்கள்.

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனை. மூட்டுவலிக்கான புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், நோயாளிகளின் உடல்திறனை அளந்து எழுதுவது என் வேலை. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். கையை ஊன்றினால், மருந்தின் பக்கவிளைவாகத் தசை தளர்கிறது என்று பொருள். மருந்தை உடனே நிறுத்திவிடுவார்கள். இவ்வளவுதான் விதி!

பேச்சியம்மாள், காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர். கையைக் கட்டச் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன களவாண்டனா, கையைக் கட்டச் சொல்றீக? தோட்டத்து மொதலாளி முன்னாடியே நான் கையைக் கட்டுனதில்ல தம்பி!"

இது பணிவுக்கு அல்ல, அளப்பதற்கு என்று விளக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஐந்தே நிமிடம்! நான் விளக்கவில்லை. அவர் தொடையில் கையை ஊன்றி, "முருகா" என்று எழுந்தார். நம் ஊரில் யார்தான் அப்படி எழுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிவத்தில் 'கைகளைக் கட்டியபடி எழுந்தார்' என்று எழுதினேன்.

இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம்... அவர் மேலும் மேலும் அழுத்தி ஊன்றுவதைப் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன்! நான்காம் முறை அந்தக் கைகளே நடுங்கின. அப்போதும் அதையே எழுதினேன். ஏன்? உண்மையை எழுதினால் முந்தைய மூன்றும் பொய் என்று வெளிப்பட்டுவிடும். என் ஆய்விலிருந்து ஒருவர்கூட விலகவில்லை என்று மேற்பார்வையாளர்கள் பாராட்டியிருந்தார்கள் வேறு. தூ!

மருத்துவர் என் தாளை நம்பி மருந்தைத் தொடர்ந்தார். மறுவாரமே, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, வலுவிழந்த கால் மடங்கி விழுந்தார் பேச்சியம்மாள்.

அறுவை சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எந் தப்புதான் தம்பி. ஆபரேசன் பண்ணுன டாக்டரு சொன்னாக. நீங்க சொன்னாப்ல கையைக் கட்டியிருந்தா, காலுல வலு இல்லேன்னு அப்பவே தெரிஞ்சிருக்குமாம்ல? வீம்பு பண்ணிட்டேன்."

என் தவறு என்று சொல்லியிருக்க வேண்டாமா நான்? வாய் திறக்கவில்லை. இன்றுவரை அவரிடம் திறக்கவில்லை. முகம் தெரியாத உங்களிடம் கொட்டுகிறேனே, இதுவும் கோழைத்தனம்தான்...

"இந்தா பாருங்க" என்று இரு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டார். எவர் முன்னாலும் கட்டாத கைகள்! கட்டியபடியே எழ முயன்றார். முடியவில்லை.

"இப்ப எழுதிக்கங்க தம்பி" என்றார்.