முழுசா ஒரு தடவை

ஜெபக்குமாரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அழகுமலையைக் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு வராது. அழகுமலை எங்கள் இன்னிசைக் குழுவின் முதலாளி. மேடையில் அறிவிப்பாளரும் அவர்தான். நான், பரிமளா, அந்தக் குழுவில் பாடுகிறவள். ஜெபக்குமார் கீபோர்டு. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் போகாத ஊர் கிடையாது. வேனில் முன்சீட்டு எப்போதும் அழகுமலைக்கு. கடைசி சீட்டில் ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் வயருக்கும் நடுவில் கீபோர்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜெபாண்ணன் வருவார்.

கோயில் கச்சேரி பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரண்டு பாட்டு முடிவதற்குள் மேடையோரம் துண்டுச்சீட்டுகள் வந்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் இன்னார், மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கும் இன்னார் என்று அன்பளிப்பு கொடுத்தவர்களின் பெயரையெல்லாம் அழகுமலை வாசிப்பார். வெறும் பெயரை வாசித்தால் எடுபடாது. அடியில் மெல்லிசாக இசை ஓடவேண்டும். அதை வாசிப்பது ஜெபாண்ணன். அது சினிமா மெட்டு இல்லை, அவரே கட்டியது. சீட்டு தீர்ந்ததும் அழகுமலை இடது கையைத் தூக்குவார். மெட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சரி, கை ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நல்ல நல்ல மெட்டையெல்லாம் இந்த மனுசன் கழுத்தைத் திருகிப் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

ஜெபாண்ணனுக்கு ஊர் அன்னவாசல் பக்கம். சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசித்துப் பழகியவர். பி.காம் படித்தார், பேங்க் பரீட்சை எழுதச் சொல்லி வீட்டில் நச்சரித்தார்கள், அவர் வேனில் ஏறிவிட்டார். கோபம் வந்தால் கத்தத் தெரியாது. வேன் திருமயம் தாண்டும்வரை யாரோடும் பேசாமல் வருவார், அவ்வளவுதான். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வரும்.

போன ஐப்பசியில் கச்சேரி இல்லாத நாட்களில் அந்த மெட்டுகளை வீட்டிலேயே ரெக்கார்ட் செய்ய ஆரம்பித்தார். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு வாசிப்பார். அவர் மனைவி பிளெஸ்ஸி குக்கர்கூட வைக்காமல் காத்திருப்பார். கம்பெனி கிடையாது, தயாரிப்பாளர் கிடையாது. எல்லாம் அவரே. ஒரு நாள் எனக்குப் போன் செய்தார்.

“வாசிக்கிறது வருது பரிமளா. முடிக்கத்தான் வரமாட்டேங்குது. ஒரு மெட்டாவது எங்கிட்டுப் போயி முடியணும்னு எனக்கே தெரியல.”

எப்படித் தெரியும்? ஒரு நாளாவது முடிக்க விட்டார்களா? அன்றைக்கு அழகுமலை கண்ணில் பட்டிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

தை மாதம் ஆல்பத்தை அவரே நெட்டில் ஏற்றினார். ‘முழுசு’ என்று பெயர் வைத்திருந்தார். எட்டு மெட்டு, எட்டுக்கும் முடிவு உண்டு. அழகுமலை வேனில் கேட்டுவிட்டு, “நல்லாருக்கு ஜெபா. அன்பளிப்பு வாசிக்கத் தோதா இருக்கும்” என்றார்.

அப்புறம் ஜெபாண்ணன் ஒன்று கேட்டார். குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் பங்குனித் திருவிழா. கச்சேரி ஆரம்பத்தில் ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு மெட்டை, குறுக்கே யாரும் பேசாமல், முழுசா ஒரு தடவை மேடையில் வாசிக்க வேண்டும். விழாக் குழுத் தலைவர் பெரியண்ணன், “தாராளமா வாசிங்க தம்பி” என்றார். அழகுமலையும் தலையாட்டினார்.

வாசிக்க ஆரம்பித்தார். இரண்டு வரி போயிருக்காது, கூட்டத்தில் ஆட்கள் எழுந்தார்கள். இந்த மெட்டு கேட்டால் அன்பளிப்பு நேரம் என்று இத்தனை வருடமாகப் பழகிய கால்கள். முதலில் வந்தவர் பெரியண்ணனேதான். ஜெபக்குமார் ஆல்பம் வெளியிட்டதைப் பாராட்டி என்று சீட்டில் எழுதியிருந்தது. பின்னால் இன்னொருவர், அதே பாராட்டு. அழகுமலை மைக்கைப் பிடித்துப் பெயர்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்குக் குரல் வேறு நன்றாக இருந்து தொலைக்கும். ஒரு மனுசனைப் பாராட்டியே அவன் வாசிப்பதைக் காதில் விழாமல் அடித்தார்கள்.

சீட்டு தீர்ந்தது. இடது கை ஏறியது. ஜெபாண்ணனின் விரல்கள் சட்டென்று நின்றன. அவர் நிறுத்தவில்லை, பழக்கத்தில் தானாக நின்றன. அவர் தன் விரல்களையே பார்த்தார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

எழுந்து வந்தார். அழகுமலை கையிலிருந்த மைக்கை வாங்கினார். ஸ்விட்சை அணைத்து, கொண்டுபோய்த் தன் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பெரியண்ணன் மேடைக்குக் கீழிருந்து கேட்டார். “என்ன தம்பி, ஒங்களத்தானே பாராட்டுறோம்?”

“தெரியுதுங்க. பாராட்டிக்கிட்டே இருக்கீங்க. கேக்கத்தான் மாட்டேங்கிறீங்க.”

மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். யாரும் எழவில்லை. கொடுக்க வைத்திருந்த சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாதிக்கு மேல் போனபோது, பெயர் வாசிக்க வழியில்லாமல் நின்ற அழகுமலைக்குப் பொறுக்கவில்லை. இடது கை ஏறியது. அதைப் பிடித்து இறக்கிவிடலாம் என்று நான் எழுந்தேன். ஜெபாண்ணன் அந்தக் கையை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வாசித்தார். கை கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, தானே கீழே இறங்கியது.

மெட்டு முடிந்தது. கடைசி ஸ்வரம் அடங்கும்வரை விரலை எடுக்காமல் இருந்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார்கள். இதற்கு முடிவு என்று ஒன்று உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஜெபாண்ணன் குனிந்து மைக்கை எடுத்தார். இத்தனை வருடத்தில் மேடையில் அவர் மைக்கில் பேசியது அன்றைக்குத்தான்.

“முடிஞ்சிருச்சுங்க. இது இங்கனதான் முடியும்.”