பூட்டுன ஃபைலுக்குள்ள என்ர தங்கச்சி

என்ர தங்கச்சி செத்துப்போயி அன்னிக்குப் பதிமூணாம் நாளுங்க. பதினாறாம் நாளு படம் வெச்சு, சேலை சாத்திக் கும்புடோணும். படத்துக்கு எங்க போறது? மாட்டுப்பட்டிப் பக்கம் எஸ்டேட்டு லைன்ல இருந்தவ. ஒரு மழைக்குச் செவுரு இடிஞ்சு கலியாணப் படமெல்லாம் கூழாப் போச்சு. புருசனும் போனப்புறம் எங்கூட்டுக்கே வந்துட்டா. கொழந்தை குட்டி இல்லீங்க. ஃபோனைத் தூக்குனாப் போதும், முந்தானைய மூஞ்சில போட்டுக்குவா. "இந்த வயசுல என்னடி வெக்கம்"னு எத்தனை வாட்டி திட்டியிருக்கறேன்!

போன வருசம் பென்சனுக்குன்னு அவ ஆதாரை வெப்சைட்டுல இருந்து எறக்குனாங்க. எடுத்த பிரிண்டை ஆபீசுல குடுத்துட்டோம். ஃபைலு மட்டும் என்ர ஃபோன்ல கெடந்துச்சு. அதுல அவ மூஞ்சி இருக்குமே! பஸ்ஸேறி கொல்லங்கோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடுனேன்.

கடைப் பொண்ணு பாத்துட்டு, "அம்மிச்சி, இது பூட்டியிருக்குதுங்க. பேரும் பொறந்த வருசமும் போட்டாத்தான் தொறக்கும்"னா.

"எங்க கெணறு வெட்டுன வருசம்."

சிரிச்சுட்டா. "கம்ப்யூட்டருக்கு உங்க கெணத்தைத் தெரியாதுங்க!"

"சித்திரைலயும் வத்தாத கெணறு, தெரியாமப் போகுமா? சும்மா இரு கண்ணு, சிமெண்டுல எழுதி வெச்சிருக்குது." மருமகளுக்கு ஃபோன் போட்டேன். அவ போய்ப் பாத்துப் படிச்சா. எங்கம்மா வவுத்துல அவளை வெச்சுக்கிட்டு மண்ணு சொமந்த கெணறுங்க அது.

போட்டா, தொறக்கலை. திருப்பிப் போட்டா, தொறக்கலை.

"பள்ளிக்கூடத்துல என்ன குடுத்தீங்களோ, அதுதானுங்க ஆதார்லயும் இருக்கும்"னா பொண்ணு.

அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. அம்மா செத்தப்புறம் அவளை வளத்துனது நாந்தான். நான் நடவுக்குப் போனா, வரப்புல நிக்காம சேத்துல எறங்கிக்குவா. பள்ளிக்கூடத்துல தள்ளிட்டா என்ர வேலை ஆகுமுன்னு, வாத்தியார்கிட்ட ஒரு வயசு கூட்டிச் சொல்லிட்டேன். தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொடச் சொன்னாரு. எட்டலை. அவரு அந்தண்டை திரும்புனப்ப, நாந்தான் அவ தலையைச் சாய்ச்சுப் புடிச்சுத் தொட வெச்சேன். "போகாதக்கா"ன்னு அவ கத்துனது வயக்காட்டு வரைக்கும் கேட்டுச்சு.

"ஒரு வருசம் கொறைச்சுப் போடு கண்ணு."

தொறந்துருச்சு! ஐயோ, அவளேதானுங்க! முந்தானை இல்லாத மூஞ்சி, மூக்குத்தி, மறு, எல்லாம் அப்படியே. "என்ர தங்கச்சி, என்ர தங்கச்சி"ன்னு கத்திட்டேன். கடைல இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. பொண்ணு பெருசாக்குனா, மூஞ்சி கட்டங்கட்டமா ஒடைஞ்சு போச்சு. "வேண்டாஞ் சாமி, சின்னதாவே இருக்கட்டும்." தாளு சூடா வந்துச்சு.

"அந்த வருசத்தைச் சரியா மாத்த முடியுமா கண்ணு?"ன்னு கேட்டேன்.

"இனி எதுக்குங்க அம்மிச்சி?"

அதுவும் நெசந்தான்.

பதினாறாம் நாளு வந்தவங்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாங்க, படம் அத்தனை சின்னது. சேலை சாத்தும்போது நானும் குனிஞ்சேன். "அஞ்சு வயசாகறதுக்குள்ள உன்னைத் தள்ளி உட்டுட்டேன் சாமி"ன்னு அவளுக்கு மட்டும் கேக்கறாப்புல சொன்னேன்.