மூன்று கொட்டேஷனில் வாங்கிய சிம்பல்

பக்கத்து வீட்டுப் பழனியப்பன் ஐம்பத்து நான்கு வயதில் ட்ரம்ஸ் கலைஞரானார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஷா ஆலமில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருபத்தொன்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கினார். மூன்றாவது வாரம், கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியின் எட்டாவது மாடிக்கு ஓர் எலெக்ட்ரானிக் ட்ரம் செட் லிஃப்டில் ஏறி வந்தது. ஓய்வு பெற்ற மனுஷன் மீன் பிடிக்கப் போகலாம், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடலாம். இவருக்கு அதெல்லாம் போதவில்லை.

"எலெக்ட்ரானிக் தம்பி. சத்தமே வராது. ஹெட்போன்ல எனக்கு மட்டும்தான் கேக்கும்" என்றார்.

இசை அவருக்கு மட்டும்தான் கேட்டது. ரப்பர் தட்டில் குச்சி விழும் டக் டக் மட்டும் சுவர் வழியாக எனக்கு வந்தது.

நான் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறேன். இரவு ஷிப்ட். காலை எட்டேகாலுக்கு வீடு வந்து, குளித்து, ஒன்பது மணிக்குப் படுப்பேன். பழனியப்பனின் மனைவி உஷாராணி டீச்சர் விடிந்ததும் பள்ளிக்கூடம் போய்விடுவார். இவர் ரொம்பப் பொறுப்பானவராம், எல்லோரும் வேலைக்குக் கிளம்பட்டும் என்று ஒன்பதரை வரை காத்திருந்து ஆரம்பிப்பார். இரண்டு தடவை நேரில் சொல்லிப் பார்த்தேன். ஐயோ பாவமே என்று உருகி, செட்டுக்கு அடியில் கார்பெட் வாங்கிப் போட்டார். இரண்டு நாள் மெதுவாக வாசித்தார். மூன்றாம் நாள் பழையபடி டக் டக். நிர்வாக அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். "ஹெட்போன் போட்டுத்தானே வாசிக்கிறாரு அங்கிள்?" என்று அங்கே இருந்த பெண் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மார்ச் மாதம் துறைமுகத்துக்குள் வரிசையில் காத்திருந்தபோது கண் அசந்துவிட்டேன். லோரி உருண்டு போய் முன்னால் நின்ற லோரியை முட்டியது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் சூப்பர்வைசர் கடிதம் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது. எனக்கு நாற்பத்தாறு வயது, வேறு தொழில் தெரியாது.

சரியாக அந்த நேரத்தில்தான் இவருக்கு சிம்பல் என்கிற தாளத் தட்டு மேல் ஆசை பிடித்தது. செட்டோடு வந்த ஒரு க்ராஷ் சிம்பல் பத்தாதாம், இடது பக்கம் இன்னொன்று வேண்டுமாம். விசில் அடிக்கத் தெரியாதவன் நாதஸ்வரத்துக்கு விலை கேட்கிற கதை.

ஒரு தட்டு வாங்குவது அவ்வளவு சுலபமா? கொள்முதல் பிரிவு அவரை விட்டாலும் அவர் அதை விடுவதாயில்லை. லிஃப்டில் என்னைப் பிடித்து ஃபைலைத் திறந்தார். மூன்று கொட்டேஷன். ஒன்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடை, ஒன்று பெட்டாலிங் ஜெயா கடை, ஒன்று ஆன்லைன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். அகலம் எவ்வளவு, ரப்பர் தடிப்பா மெலிசா, விளிம்பில் தட்டினால் தனி ஒலி வருமா, கையால் பிடித்தால் ஒலி அடங்குமா. வாசிக்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆன மனுஷனுக்கு இத்தனை கட்டம்.

இரண்டு மாதம் ஆராய்ந்துவிட்டுக் கடைசியில் எதை வாங்கினார்? விலை குறைந்ததை. தனி ஒலியும் வராது, பிடித்தாலும் அடங்காது. "புரொசீஜர் அப்படித்தானே தம்பி" என்றார். பெட்டியைப் பிரித்தால் தட்டு மட்டும் இருந்தது. அதை மாட்டும் கம்பியும் இல்லை, ஒயரும் இல்லை. மூன்று கொட்டேஷனையும் வரி வரியாகப் படித்த கிராணி அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

மறுநாள் காலை டக் இல்லை, டங் என்று கேட்டது. என் கட்டில் குலுங்கியது. கைலியோடு போய்க் கதவைத் தட்டினேன். புது சிம்பலைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து முகமெல்லாம் சிரிப்பாகத் திறந்தார். உள்ளே போய்ப் பார்த்தால், எங்கிருந்தோ ஒரு பழைய ஒயரைத் தேடிச் செருகி, ஒரு குழாய்க் கவ்வியால் அந்தத் தட்டை ஜன்னல் கிரில்லில் முறுக்கி வைத்திருந்தார். அந்தக் கிரில்லின் ஒரு பக்கத்தை எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் தலைமாடு.

"ஸ்டாண்ட் வாங்கலையாண்ணே?"

"அது தனி ஐட்டம் தம்பி. அதுக்கு வேற கொட்டேஷன் எடுக்கணும்லா."

குச்சியைப் பிடுங்கி இரண்டு போடலாமா என்றிருந்தது. கழற்றச் சொன்னேன். உடனே கழற்றினார். கழற்றிவிட்டு இன்னொரு ஃபைலை நீட்டினார். இன்னும் இரண்டு சிம்பல், இந்தத் தடவை ஸ்டாண்டோடு.

"இதுல எது எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. நான் இனி விலை பாக்கப் போறதில்ல. முதல்ல ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன். யாருமே கேட்டதில்ல தம்பி. உஷா தலைவலிங்குது. பிள்ளைங்களுக்கு நேரமில்ல."

ஹெட்போனை என் தலையில் மாட்டினார். தனக்கு ஒரு பழைய இயர்போனைச் செருகிக்கொண்டு ஒரு பழைய பாட்டை ஓடவிட்டு வாசித்தார்.

எட்டு மாதமாக நான் டக் டக் மட்டும் கேட்டிருந்தேன். ஹெட்போனுக்குள் அது பாட்டாக இருந்தது. அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. இரண்டு இடத்தில் தடுமாறினார், பிறகு தானே பிடித்துக்கொண்டார். பெரிய வித்வான் இல்லை, ஆனாலும் நன்றாகத்தான் வாசித்தார். என் கால் தானாக ஆடியது. அதைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் வேர்த்த முகத்தோடு என்னைப் பார்த்தார். "எப்படி தம்பி?"

நல்லா இருக்கு என்றால் இன்னும் இரண்டு சிம்பல் வரும். காலை ஒன்பதரைக்கு நான்கு சிம்பலும் சேர்ந்து அடிக்கும். என் கண்ணுக்கு முன்னால் சூப்பர்வைசர் கடிதம்தான் நின்றது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. தாளம் உங்களுக்கு நிக்கல. சிம்பல் வாங்கிப் பிரயோஜனம் இல்ல. இந்த வயசுக்கு மேல வராதுண்ணே."

அவர் ஃபைலை மூடி, அதன் நாடாவை ஒழுங்காகக் கட்டினார். "சரி தம்பி" என்றார்.

அடுத்த வாரமே பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒருவர் வந்து செட்டை வாங்கிக்கொண்டார். கீழே இறக்க நானே வலியப் போய் உதவினேன். லிஃப்டில் பழனியப்பன் அந்த மலிவு சிம்பலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"நல்லா வாசிக்கிறேன்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க. நீங்க ஒருத்தர்தான் உக்காந்து கேட்டு, உள்ளதச் சொன்னீங்க. ரொம்ப நன்றி தம்பி."

நான் லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். செட்டைக் காரில் ஏற்றிவிட்டு மேலே வந்து படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். வெட்கங்கெட்ட தூக்கம்.