எட்னாவைக் கொளுத்திய சனிக்கிழமை

ஹில்டாவின் தம்பி டெரெக்கின் முகத்தைப் பார்த்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அக்காவுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று வந்து, அவளுடைய பதினோரு வருட உழைப்பைக் கொளுத்திவிட்டுப் போன ஆள் அவன்.

ஹில்டா ஆம்ராய்ட், எங்கள் யார்க்‌ஷயர் கம்பளி ஆலையில் தறி ஓட்டியவள். நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் என்னுடையதற்கு அடுத்தது அவளுடையது. நான் உருளைக்கிழங்கு போடுகிறவன். அவளுக்கோ ஃபியூஷியாவைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. ஜிமிக்கி மாதிரி தொங்கும் அந்தப் பூவில் மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து, தானே ஒரு புது வகையை உண்டாக்கினாள். செத்துப்போன தங்கை எட்னாவின் பெயரை வைத்தாள். அந்த வகையில் உலகத்திலேயே இருந்தது அவளுடைய அந்த ஒரு செடிதான்.

நுனியைக் கிள்ளி ஈர மணலில் ஊன்றினால் மூன்று வாரத்தில் வேர் விட்டுவிடும். குளிருக்கு முன்னால் எல்லோரும் அப்படி நாலு கன்று எடுத்து வைப்பார்கள். இவள் மாட்டேன் என்றாள். கன்று இருந்தால் களவு போகுமாம். காரணம், எங்களைப் போலவே தோட்டத் துண்டு வைத்திருந்த ஸ்டான்லி. கோடைக் கண்காட்சியில் அவன் எட்னாவின் நுனியைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டதைக் கண்ணால் பார்த்தாள். கூடாரமே அதிரக் கத்தினாள். அவன் இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

நவம்பரில் இலையை உருவி, கிளையை நறுக்கி, தொட்டியைக் கண்ணாடிக் கொட்டகையில் வைக்கோலுக்குள் தூங்க வைத்தாள். பிப்ரவரியில் இடுப்பு ஆபரேஷன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த சனிக்கிழமைதான் டெரெக் லீட்ஸிலிருந்து வந்து கொட்டகையைச் சுத்தம் செய்தான். நான் போவதற்குள் சாம்பல்.

வீட்டுக்கு வந்தவளிடம் பெருமையாக வேறு சொன்னான்: "காஞ்ச குச்சிங்கக்கா. எல்லாத்தையும் எரிச்சுட்டேன். கண்ணாடி எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு!"

"நகத்தால கீறிப் பாத்தியாடா? உள்ள பச்சை இருக்கான்னு பாத்தியா?"

"குச்சியை எதுக்குக்கா கீறணும்?"

"போடா வெளிய!" ஊன்றுகோலை ஓங்கிவிட்டாள். நான்தான் பிடித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஒரு கன்னு எடுத்து வச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

மறுநாள் காலை என் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக ஸ்டான்லி வீட்டுக்குப் போனாள்.

"திருட்டுப்பயலே, எங்கய்யா அவ?"

அவன் சமையலறை ஜன்னலைக் காட்டினான். ஒரு சாண் உயரத்தில் கன்று ஒன்று பச்சைப்பசேலென்று நின்றது. குச்சியில் கட்டிய சீட்டில் 'எட்னா' என்று எழுதியிருந்தான்.

"எடுத்துட்டுப் போ, ஹில்டா. அன்னிக்குப் பொய் சொன்னேன். அப்புறம் வெளிய காட்ட மூஞ்சி இல்ல."

தொட்டியை இடுக்கிக்கொண்டவள் வாசலில் நின்றாள். நுனி ஒன்றைக் கிள்ளினாள். அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"இது நான் குடுத்தது. இத வளத்து, ஊருக்கே காட்டு. வேர் விடாம மட்டும் போகட்டும், உன்னத் தொலைச்சுப்புடுவேன்."